இடது கை விரலால் அப்பா அடித்த தமிழ்

என்னைப் பெற்ற அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. புந்தோங் வீட்டில் இப்போது நான் இல்லை. தம்பி சேகர் அதை விற்றுவிட்டான். ஈப்போ டவுனில் ஒரு தையல்கடைக்கு மேலே அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். இதைச் சொன்னால் உங்களிடமிருந்து என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்ல வேறு ஆள் இல்லை.

செமோர் பக்கத்துத் தோட்டத்தில் நீங்கள் கங்காணியாக இருந்தபோது, விடியுமுன் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் எண்ணும் உங்கள் குரல் லயத்தின் கடைசி வீடு வரை கேட்கும். அம்மா அந்தக் குரலுக்குப் பயந்தே வாழ்ந்து முடித்தாள். கம்பெனி தோட்டத்தை விற்ற பிறகு நாம் புந்தோங்குக்கு வந்தோம். சேகர் வேலை தேடி கோலாலம்பூருக்குப் போனான். அந்தக் குரல் முழுக்க எனக்கு மட்டும் என்றானது.

பிறகு ஒரு நாள் குளியலறையில் விழுந்தீர்கள். வலது கையும் காலும் போயின. நாக்கும் போயிற்று. "புத்தி தெளிவா இருக்கு. சொல்லத்தான் முடியாது" என்றார் டாக்டர்.

வீடு அமைதியானது. எனக்குத்தான் அது பொறுக்கவில்லை. நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பீர்கள். உள்ளே ஏதோ இருக்கிறது, வெளியே வர வழியில்லாமல் தவிக்கிறது என்று நினைத்தேன். எப்படி அப்படி நினைத்தேன்?

இடது கையில் பென்சில் நிற்கவில்லை. அட்டையில் எழுத்துகளை எழுதி, தொட்டுக் காட்டச் சொன்னேன். சின்னப் பிள்ளை விளையாட்டு என்று தட்டிவிட்டீர்கள். அப்போதுதான் டிவி ரிப்பேர் செய்யும் ஆ செங் கடையில் அந்தப் பழைய கம்ப்யூட்டரைப் பார்த்தேன். விசைப்பலகையேதான் கம்ப்யூட்டர். அதை வீட்டு டிவியில் மாட்டினால் போதும்.

"தமிழ் தாக் அடா லா, கிடையாது. இங்கிலீஷ் மட்டும்தான்" என்றார் ஆ செங்.

ஆனால் கூட வந்த புத்தகத்தில், எழுத்தை நாமே வரைந்து ஏற்றலாம் என்று போட்டிருந்தது. கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு தமிழ் எழுத்தாக வரைந்தேன். சின்னக் கட்டத்துக்குள் 'ண' அடங்கவே இல்லை. அதற்கு இரண்டு கட்டம் கொடுத்தேன். எல்லா எழுத்துக்கும் இடம் போதாது என்பதால் துணைக்காலையும் கொம்பையும் புள்ளியையும் தனித்தனி விசையில் வைத்தேன். இங்கிலீஷ் எழுத்துகளின் மேல் தமிழ் எழுத்துச் சீட்டுகளை ஒட்டினேன். கரண்டை நிறுத்தினால் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மறந்துவிடும். அதனால் எழுத்துகளை ஒரு கேசட்டில் பதிந்து வைத்தேன். வேலைக்குப் போகுமுன் தினமும் கேசட்டைப் போட்டு, அது கிறீச்சிட்டு முடியும்வரை நின்று ஏற்றிவிட்டுத்தான் போவேன்.

முதலில் 'கெ' அடிக்க, க-வை அழுத்திவிட்டுக் கொம்பை அழுத்தும்படி வைத்திருந்தேன். நீங்கள் கையால் எழுதும் வழக்கப்படி கொம்பை முதலில் அழுத்தினீர்கள். தப்பாக வந்ததும் பலகையைக் கீழே தள்ளினீர்கள். உடைந்த மூலையை டேப் போட்டு ஒட்டிவிட்டு, உங்கள் கைப்பழக்கத்துக்கு ஏற்றபடி எல்லாவற்றையும் மாற்றி எழுதினேன்.

கடைசியில் உங்கள் முதல் வார்த்தை வந்தது. டிவியில் ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்து வந்தது. நான் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சேகரைக் கூப்பிடு."

சரி, பிள்ளையைத் தேடுகிறீர்கள். தேடத்தானே செய்வீர்கள். மறுநாள் காப்பியைப் பற்றி எழுதினீர்கள். அதற்கு அடுத்த நாள் என் முகத்தைப் பற்றி. பக்கத்து வீட்டு ராஜம்மா அக்கா அதிசயம் பார்க்க வந்தார். திரையில் வந்ததை எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தார்.

"இவள்... கையால்... சாப்பிடும்படி... ஆயிற்று."

அக்கா என்னை அடுப்படிக்கு இழுத்துப் போனார்.

"தங்கச்சி, வயரைப் புடுங்கிப் போட்ரு லா. வாய் இல்லாம இருந்தப்பதான் மனுசன் நல்லாருந்தாரு."

"பேசட்டும்க்கா. அதுக்குத்தானே செஞ்சேன்."

நான் வயரைப் பிடுங்கவில்லை. கேசட் போடாமலும் ஒரு நாள்கூட வேலைக்குப் போகவில்லை.

சேகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். மலாய்ப் பள்ளியில் படித்தவனுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. நீங்கள் நெடுநேரம் அடித்தீர்கள். அவ்வளவு நீளமாக நீங்கள் எழுதியதே இல்லை.

"அக்கா, அப்பா என்ன சொல்றாரு?"

நான் படித்தேன். ஒரு எழுத்துகூட மாற்றாமல் படித்தேன். "என் ராசா, நீ வந்ததே போதும். உன்னை நினைக்காத நாள் இல்லை. இந்த வீடு உனக்குத்தான். என் பக்கத்தில் வந்து உட்கார்."

உங்களிடமிருந்து அப்படி ஒரு சொல் வரும் என்று தெரியாது அப்பா. அதை நானே, என் வாயால், இன்னொருவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

சேகர் கார் சாவியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தான். "ம்... சரிப்பா" என்றான்.

நீங்கள் என் பக்கம் திரும்பி அடித்தீர்கள். "மறுபடி படி." மறுபடி படித்தேன்.

"ரோடு ஜாம் ஆயிரும்க்கா. நான் போய்ட்டு வாரேன்."

கார் போன சத்தம் அடங்கிய பிறகு நீங்கள் எனக்கு எழுதினீர்கள்.

"நீ சரியாகப் படிக்கவில்லை."

அதற்குப் பிறகு நீங்கள் பலகையைத் தொடவில்லை. அந்த மாதமே கண்ணை மூடினீர்கள். சேகர் கொள்ளி வைத்தான். அத்தனை எழுத்தும் உங்கள் விரலுக்கு அடியில் இருந்தன அப்பா. 'கமலா' என்று அடிக்க நாலு விசை போதும். கடைசிவரை நான் உங்களுக்கு 'இவள்'தானா?

போன வாரம் கோப்பெங்கிலிருந்து ஒரு அம்மா ஆ செங்கைத் தேடி வந்து, அவர் சொல்லி என்னிடம் வந்தார். அவர் கணவருக்கும் உங்களைப் போலவே ஆகிவிட்டதாம்.

"ஏதாச்சும் பேசினாப் போதும்மா. என்னமோ சொல்லணும்னு பாத்துக்கிட்டே இருக்காரு" என்றார்.

உங்களைப் பற்றிச் சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. "செஞ்சு தாரேன்க்கா. ஆனா மொத நாளு நீங்க தனியா இருக்காதீங்க. என்னையும் கூப்பிடுங்க" என்று மட்டும் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

உங்கள் திதி வருகிறது. சேகர் வரமாட்டான், கேட்டுவிட்டேன். நான் இருக்கும்வரை வருடம் தவறாமல் இலை போடுவேன், உங்களுக்குப் பிடித்த நெத்திலிச் சம்பலோடு. அப்பா எப்படிப்பட்டவர் என்று யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்வேன். நல்லவர் என்று சொல்லமாட்டேன். அந்த ஒன்றை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

உங்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, படித்தும் காட்டிய மகள்,
கமலா