வீதிக்கோட்டுக்குள் எங்கள் வீடு

நாலந்தா,
வெள்ளிக்கிழமை பகல்.

அம்றாவின் வாப்பாவுக்கு கைறுன்னிஸா ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. நானும் பிள்ளைகள் இருவரும் அல்லாஹ்வின் உதவியால் சுகமாக இருக்கிறோம். உங்கள் முதுகு வலி எப்படி? கேட்டால் இல்லை என்றுதான் சொல்வீர்கள். ஆனாலும் கேட்கிறேன்.

போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் உங்கள் அறையில் இன்னும் ஐந்தாறு பேர் படுத்திருக்கிறார்கள், இங்கே என் தோளுக்குப் பின்னால் சின்னவள் ஜஸ்லா நிற்கிறாள். முக்கியமான கதையை எடுத்தால் நெட்வேர்க் சரியில்லை, பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிடுவீர்கள். கத்தாரில் நெட்வேர்க் நன்றாகத்தான் இருக்கிறதாம், லீவில் வந்திருக்கும் பதுர்தீன் சொல்லிவிட்டார். லீவு முடிந்து அவர் உங்கள் கேம்புக்கே திரும்புவதால் இதை அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கடிதத்தைப் பாதியில் வெட்ட முடியாதே, முழுவதையும் படியுங்கள்.

மிளகு இந்த முறை பரவாயில்லை. மழை பிந்தி வந்தாலும் பூ உதிரவில்லை. ஜஸ்லா சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று சொல்லிக்கொள்கிறாள். கண்ணாடி முன்னால் நின்று படிக்கும் பாடம் எது என்றுதான் எனக்குப் புரியவில்லை. தம்புள்ளைக்குப் போகிற மரக்கறி லொறிகள் முன்னைவிட வேகம். அவை போகும்போது கண்ணாடி அலுமாரியில் கோப்பைகள் ஆடுகின்றன.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அம்றாவின் கல்யாணத்துக்கென்று கட்டும் மேல்வீட்டுப் பிளானைப் பிரதேச சபை திருப்பிவிட்டது. சின்னப் பிரச்சினை ஒன்று, சரிசெய்யலாம் என்று உங்கள் தம்பி நளீம் உங்களிடம் சொன்னாராம். சின்னப் பிரச்சினை இல்லை. முடியாது என்றே எழுதியிருக்கிறார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். பிளான் கொடுத்த பிறகு சபையிலிருந்து அளக்க வந்தார்கள். வந்த அதிகாரி ஒரு சிங்களப் பெண் பிள்ளை, நம் அம்றாவைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். நம் மதிலிலிருந்து அளப்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் பெரிய வீதியின் நடுவிலிருந்து நாடாவைப் பிடித்தார்கள். ஒரு ஆள் வாகனங்களை நிறுத்த, இன்னொரு ஆள் நாடாவை இழுத்துக்கொண்டு மதிலைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, முன் கதவால் உள்ளே வந்தார். ஹோலில் செட்டிக் கதிரைகளைத் தள்ளச் சொன்னார். சாப்பாட்டு மேசைக்கு இந்தப் பக்கம் நின்று, இதுதான் கோடு என்றார். என் ஹோலின் நடுவில், அம்றாவின் வாப்பா!

என்றாவது வீதியை அகலமாக்க நேர்ந்தால் இடம் வேண்டுமாம். அதனால் அந்தக் கோட்டுக்கு முன்னால் ஏற்கெனவே இருப்பது இருக்கலாம், புதிதாக ஒரு கல்லும் ஏறக்கூடாது. எப்போது அகலமாக்குவீர்கள் என்று கேட்டேன். பத்து வருஷத்தில் நடக்கலாம், நடக்காமலே போகலாம், தனக்குத் தெரியாது என்றது அந்தப் பிள்ளை. காணி உங்களுடையதுதான் அக்கே, யாரும் கை வைக்கவில்லை என்றும் சொன்னது. காணி உறுதி எங்கட பேர்ல, மேல ஈக்கிற ஆகாசம் மட்டும் உங்கட பேர்லயா மகள் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டுவிட்டேன். கோபிக்கவில்லை, சிரித்தது. நான்தான் கோபத்தில் பிளேன்டீக்குச் சீனி போட மறந்தேன். அதையும் குடித்துவிட்டுப் போனது, நல்ல பிள்ளை.

முன்னால் முடியாவிட்டால் பின்பக்கமாகக் கட்டுகிறோம் என்றேன். பின்னால் போய்ப் பார்த்தார்கள். அங்கே ஓயா ஓடுகிறது. ஓயாக் கரையிலிருந்தும் இவ்வளவு தூரம் ஒதுக்கு நிலமாம், சாதிக்காய் மரம் நிற்கலாம், சுவர் நிற்கக்கூடாதாம். முன்னால் வீதியும் பின்னால் தண்ணீரும் எடுத்தது போக நமக்கென்று மிஞ்சியது சாப்பாட்டு மேசையும் குசினியும்தான். ஜஸ்லாவுக்கு இது விளையாட்டாகிவிட்டது. ஹோலுக்குக் குறுக்கே போகும்போது நின்று இரண்டு பக்கமும் பார்த்து, உம்மா, பஸ் போகட்டும், பொறவு வாறேன் என்கிறாள். முதல் நாள் சிரித்தேன். இப்போது அடிக்கக் கை வருகிறது.

பக்கத்து ஜுனைதீன் ஹாஜியாரின் மாடி வீடு நம் வீட்டைவிட வீதிக்குக் கிட்ட நிற்கிறதே என்று கேட்டேன். அது பழைய அனுமதியில் கட்டியதாம், அதைத் தொட மாட்டார்களாம். நாம் என்ன செய்தோம்? போன லீவில் நீங்கள் வந்து, இந்த வீதியில் எல்லாரும் செய்கிற மாதிரியே முதலில் கொங்கிரீட் தட்டைப் போடுவோம், மேலே தூணுக்குக் கம்பியை நீட்டி விடுவோம், பிளான் பிறகு பார்க்கலாம் என்றீர்கள். அன்று ஊரே வந்து கொங்கிரீட் தாச்சி கைமாற்றியது. பெரிய சட்டியில் இறைச்சிக் கறி ஆக்கிப்போட்டோம். மாப்பிள்ளை வீட்டாரையும் மேலே கூட்டிப்போய், இது மகளின் அறை, இது மருமகன் உட்கார்ந்து காற்று வாங்கும் இடம் என்று வெறும் கொங்கிரீட்டில் நடந்து காட்டினீர்கள். உங்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் கீழே படியில் நின்று பார்த்தேன். அந்த முகத்துக்காகத்தான் இந்தச் செய்தியை இவ்வளவு நாள் சொல்லாமல் வைத்திருந்தேன்.

ஒரு வழி இருக்கிறது என்று அந்தப் பிள்ளையே பிறகு சொன்னது. நம் சபையில் அப்படி நடக்குமாம். கழற்றி எடுக்கக்கூடிய மாதிரி, பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக மேலே போடுவதென்றால் தற்காலிக அனுமதி தருவார்கள். ஆனால் வீதி வரும் நாளில் உடைத்துக்கொண்டு போவோம், அதற்கு நட்டஈடு கேட்க மாட்டோம் என்று காணிச் சொந்தக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். நளீம் துள்ளினார். நானாவோட அற்றோனி மதினிட கையில ஈக்கிது தானே, நாளைக்கே வெச்சிருவோம் என்றார். நீங்கள் போகும்போது உங்களுக்குப் பதிலாக நான் கையெழுத்துப் போடலாம் என்று எழுதித் தந்த அற்றோனிப் பத்திரத்தைச் சொல்கிறார்.

அதற்கிடையில் உக்குவெலையிலிருந்து மாப்பிள்ளையின் வாப்பா ஹுசைன் நானாவும் உம்மா றுக்ஸானா தாத்தாவும் வந்தார்கள். மருமகனாகப் போகிற இப்ஹாம் எப்படியோ கேள்விப்பட்டு வீட்டில் சொல்லிவிட்டிருக்கிறான். பெண் வீட்டில்தான் மாப்பிள்ளை வந்து இருப்பது என்று பேசி முடித்த சம்பந்தம், மேல்வீடு இல்லை என்றால் இவர்கள் என்ன சொல்வார்களோ என்று பயந்தேன். பதில்களை எல்லாம் மனப்பாடம் செய்து வைத்தேன். பின் அறையைப் பெரிதாக்கலாம், நானும் ஜஸ்லாவும் ஹோலில் படுப்போம், இப்படி.

அவர்கள் வீட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கீழ ஈக்கிறது போதும் தங்கச்சி, எங்கட மகன் தலைக்கு மேல தகரமா ஓடா எண்டு பார்க்கிற ஆள் இல்ல என்று ஹுசைன் நானா சொல்லிவிட்டார். பிறகு றுக்ஸானா தாத்தா பிளேன்டீயைக் கீழே வைத்துவிட்டு, புள்ளட வாப்பா நிக்காஹ்வுக்கு வாறாரா, இல்லையா என்று கேட்டார். அதற்கு மட்டும் நான் பதில் தயார் செய்யவில்லை. அம்றா திரைக்குப் பின்னால் நிற்பது எனக்குத் தெரியும். அவளும் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். லீவு கிடைப்பது கஷ்டம், நளீமுக்கு வக்காலத்துக் கொடுத்து அனுப்புவார், அவருக்குப் பதிலாக நளீம் முன்னின்று செய்வார் என்றேன். மார்க்கத்தில் அதுக்கு எடம் ஈக்கிது தானே என்று றுக்ஸானா தாத்தா சொன்னார். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை அவர் பிடிக்காமல் விட்டிருந்தால் நான் அழுதிருக்க மாட்டேன்.

அவர்கள் போன பிறகு அம்றா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மேல்வீட்ட யாரு உம்மா கேட்டது, நான் கேக்கலயே என்றாள். சட்டென்று எழுந்து குசினிக்குப் போய்விட்டாள். உங்களிடம் இதைச் சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டேன்.

மறுநாள் நளீம் ஆட்டோவில் என்னைச் சபைக்குக் கூட்டிப்போனார். தாளை எடுத்து வைத்து, கீழே இந்த இடத்தில் என்று காட்டினார்கள். காணிச் சொந்தக்காரர், அல்லது அவருடைய அற்றோனி என்று இருந்தது. பேனா கையில். அந்த நேரம் வீதி வந்து வீட்டை உடைப்பதை நான் நினைக்கவில்லை, அல்லாஹ்மேல் ஆணை. அது வந்தால் வரட்டும். நான் நினைத்தது வேறு. இதில் கையெழுத்துப் போட்டால் நாளை பலகை வாங்க வேண்டும், தகரம் வாங்க வேண்டும், நீங்கள் அங்கே இன்னொரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவீர்கள். முதலில் அத்திவாரம் முடியட்டும் வருகிறேன் என்றீர்கள். பிறகு கொங்கிரீட் தட்டு. பிறகு மேல்வீடு. மேல்வீடு முடிந்தால் அதற்கு நிறம் பூச வேண்டும் என்பீர்கள். வீடு வளர்ந்துகொண்டே போகிறது, நான் உங்களோடு அதில் இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு சின்ன அறைக்கும் காணாது.

நான் பேனாவை வைத்துவிட்டேன். உரிமையாளர் வந்து போடுவார் என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தேன். நளீம் என்னை வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே வராமலே திரும்பிப் போனார். கோபம் நியாயம்தான், உங்களுக்காகத்தான் ஓடுகிறார். அவரோடு நீங்கள் கோபிக்க வேண்டாம், என்னோடு கோபியுங்கள்.

யோசித்துப் பாருங்கள். காணிக்கு உங்களுக்குப் பதிலாக நான். நிக்காஹ்வுக்கு உங்களுக்குப் பதிலாக நளீம். ஜஸ்லாவின் பாடசாலைக் கூட்டத்துக்கு உங்களுக்குப் பதிலாக என் தம்பி. எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. எனக்குப் பக்கத்தில் படுத்து, லொறிச் சத்தத்தில் தூக்கம் கலைந்தால் திட்டுவதற்கு மட்டும் யாருக்கும் வக்காலத்துக் கொடுக்க முடியாது. நாற்பத்தைந்து வயதில் இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதிய வரியை அடிக்கவில்லை, அப்படியே விடுகிறேன். இந்தப் பக்கத்தைப் பதுர்தீன் முன்னால் படிக்காதீர்கள்.

வந்து என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதையும் விசாரித்தேன். முன் அறை ஏற்கெனவே கட்டியது, அதில் கடை போட விண்ணப்பம் கொடுக்கலாம், அது கிடைக்கக்கூடியது என்று அந்தப் பிள்ளை சொன்னது. ஊரார் மிளகும் பாக்கும் விற்க மாத்தளைக்கு பஸ் ஏறுகிறார்கள். நம் வாசலில் வாங்கினால் யார் வேண்டாம் என்பார்கள்? பெரிதாக வராது. அங்கே கிடைக்கிற மாதிரி நிச்சயமாக வராது. இறைச்சி வாங்கும் நாளில் அதற்குப் பதிலாக மரவள்ளி அவித்து மாசிச் சம்பல் வைப்பேன். நீங்கள் குறை சொல்வீர்கள், நான் திருப்பிச் சொல்வேன்.

அந்த அற்றோனிப் பத்திரத்தை இந்தக் கடிதத்தோடு மடித்து வைத்திருக்கிறேன். எனக்கு இனி வேண்டாம். பலகை வீடு வேண்டும் என்றால் நீங்களே வந்து கையெழுத்துப் போடுங்கள், நான் தடுக்க மாட்டேன், கடதாசியை நானே பிடித்துக்கொடுப்பேன். வேண்டாம் என்றால் போடாமல் வந்து சும்மா உட்காருங்கள். இரண்டுக்கும் வரத்தான் வேண்டும். ரபீஉல் அவ்வல் மாதப் பிறையில் நிக்காஹ். மகளின் கையை எடுத்து இப்ஹாமின் கையில் கொடுக்க வேறு கை வேண்டாம் என்று நான் பள்ளிவாசல் ஹஸ்ரத்திடமும் சொல்லிவிட்டேன். நிக்காஹ் நாளை மாற்றினாலும் மாற்றுவோம், ஆளை மாற்ற மாட்டோம்.

இத்தனை வருஷமும் ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும், யா அல்லாஹ், அவரை அங்கே பத்திரமாக வைத்துக்கொள் என்றுதான் கேட்டு வந்தேன். கேட்டபடியே அவனும் உங்களை அங்கேயே பத்திரமாக வைத்திருக்கிறான். பிழை என்னுடையது, சரியாகக் கேட்கத் தெரியவில்லை. இன்று ஜும்ஆ நாளில் துஆவை மாற்றிவிட்டேன். வைத்தது போதும் ரப்பே, அனுப்பிவிடு என்று கேட்டிருக்கிறேன். நீங்களும் அங்கிருந்து ஆமீன் சொல்லுங்கள்.

உங்கள்
கைறுன்னிஸா