நான் குனிந்த இடங்கள்

மார்ச் 3, செவ்வாய்

காப்பியோடு வரும்போது மறுபடியும் நெற்றியில் இடித்துக்கொண்டேன். எட்டு மாதமாக இதே கதை. எங்கள் முன்னறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு சுட்ட மண் காதுகள் நைலான் நூலில் தொங்குகின்றன. செய்தவள் மனைவி. தொங்கவிட்டவளும் அவளே. ஐந்தடி உயரத்துக்காரிக்கு என்ன இடிக்கப் போகிறது? ஆறடி இரண்டங்குலத்தில் ஒருவன் இதே வீட்டில் நடமாடுகிறான் என்பது அவள் கணக்கிலேயே இல்லை.

"பாத்து வரக்கூடாதா?" என்றாள். என் நெற்றியைப் பார்க்கவில்லை. காதில் விரிசல் விட்டிருக்கிறதா என்றுதான் பார்த்தாள்.

மார்ச் 6, வெள்ளி

காதுகள் கண்காட்சிக்கு வேனில் ஏறிப் போய்விட்டன. வீட்டில் நிமிர்ந்து நடந்தேன். அப்பாடா.

மார்ச் 9, திங்கள்

லிஃப்ட் மெக்கானிக்கான எனக்கு இன்று ஒரே ஒரு லிஃப்ட்தான் பழுது. மதியத்தோடு முடித்துவிட்டுக் கண்காட்சிக் கூடத்துக்குப் போனேன். போயிருக்கவே வேண்டாம்.

வெள்ளைச் சுவர்கள், இருபதடி உயரம். இருமினால்கூட எதிரொலிக்கிறது. யார் தலையிலும் படக்கூடாது என்பது அங்கே விதியாம். எல்லாவற்றையும் எட்டடிக்கு மேலே கட்டியிருந்தார்கள். கீழேயிருந்து பார்த்தால் காது என்றே தெரியவில்லை, எதையோ காயப்போட்ட மாதிரி இருந்தது. வீட்டில் நம்மை மூச்சுவிட விடாத அதே காதுகள்தானா இவை?

பொறுப்பாளர் அம்மா நல்லவர். மெதுவாகத்தான் சொன்னார். "கூடம் இத முழுங்கிடுச்சு. வியாழக்கிழமைக்குள்ள சரிவரலேன்னா கழிவறைக்குப் போற நடையில மாத்திடலாம். நடு இடத்த வேற ஒருத்தருக்குக் குடுத்தாகணும்."

இருபத்தெட்டு வருடம் வாஷ்பேசின் தொழிற்சாலையில் அச்சு செய்தவள் இவள். அந்தப் பேசின்களில் எத்தனை பேர் முகம் கழுவியிருப்பார்கள், ஒருவருக்கும் இவள் பெயர் தெரியாது. முதல்முறையாக இப்போதுதான் ஒரு சுவரில் அவள் பெயரை எழுதியிருக்கிறார்கள். அதைக் கொண்டுபோய்க் கழிவறை வழியிலா எழுதுவது?

மார்ச் 10

அவள் சாப்பிடவில்லை. "விட்டுடலாங்க. நம்ம வீட்ல நல்லா இருந்துச்சு, அது போதும்" என்கிறாள். போதுமா? எப்படிப் போதும்? சூளைத் தீ பட்டு, கை வெடிச்சு, எட்டு மாசம் — இதுல நான் வேற நிமிர்ந்து நடந்துட்டேன்னு சந்தோஷப்பட்டிருக்கேன். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 11, புதன்

சாப்பாட்டுக் கேரியரோடு போனேன். கூடத்தின் மறுகோடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நடுவே நடந்துபோய்க் கேரியரை அவள் பக்கத்தில் வைத்தேன். ஏணியில் நின்ற கூடத்து ஊழியர் சிரிக்க ஆரம்பித்தார்.

"சார், எல்லாம் எட்டடிக்கு மேல இருக்கு. எதுக்கு இப்படிக் குனிஞ்சு குனிஞ்சு வர்றீங்க?"

குனிந்தேனா? சத்தியமாக எனக்குத் தெரியாது.

அவள் எழுந்துவிட்டாள். அச்சில் குமிழி எங்கே என்று கண்டுபிடித்துவிட்டால் வருமே, அந்த முகம்.

"என்னங்க, படுக்கையறையிலேருந்து சமையலறைக்குப் போங்க."

"இங்கயா?"

"இங்கதான். யோசிக்காம நடங்க. கையில காப்பி இருக்குன்னு வெச்சுக்குங்க."

நடந்தேன். அப்புறம் குளியலறைக்கு. அப்புறம் வாசலுக்குச் செய்தித்தாள் எடுக்க. நான் குனிந்த, ஒதுங்கிய, ஒருக்களித்து நுழைந்த இடத்தையெல்லாம் அவள் சாக்கட்டியால் தரையில் குறித்துக்கொண்டே பின்னால் வந்தாள். ஏணிக்காரர் முன்னால் மானம் போயிற்று. நாற்பத்தொரு குறிகள்.

"நான் ஒரு நாளும் குனிஞ்சதில்ல, அதான் எனக்குத் தெரியல. இது அண்ணாந்து பாக்குறதில்லங்க. உள்ள நுழைஞ்சு போறது."

மாலைக்குள் எல்லாக் காதுகளும் கீழே இறங்கின. எல்லாருக்கும் எங்கேயாவது ஓரிடத்தில் இடிக்க வேண்டும் என்று வெவ்வேறு உயரத்தில் கட்டினாள், சிலதைத் தன் நெற்றி மட்டத்துக்கே. அவள் குனிந்து வருவதை இன்றுதான் முதலில் பார்த்தேன். அழகாக இருந்தாள். மேலே மிச்சமிருக்கும் வெற்றிடம்கூட இப்போது உறுத்தவில்லை. குனிந்து நடக்கும்போது அத்தனை உயரமும் முதுகின் மேல் இருப்பது தெரிகிறது.

மார்ச் 12, வியாழன்

பொறுப்பாளர் அம்மா விதியைச் சொன்னார். "யாருக்காவது தலையில இடிச்சா?"

"இவருக்கு எட்டு மாசமா இடிக்குது. ஒண்ணும் ஆகல" என்று என்னைக் காட்டினாள்.

அந்த அம்மா உள்ளே போனார். மூன்றாவது குறியில் குனிந்தார். வாய்க்கு நேரே ஒரு காது. அதனிடம் ஏதோ சொன்னார். எங்களுக்குக் கேட்கவில்லை. வெளியே வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நடுவுலயே இருக்கட்டும்."

மார்ச் 15, ஞாயிறு

திறப்பு. ஊரே என்னைப் போல நடந்தது.

ஏப்ரல் 7, செவ்வாய்

கண்காட்சி முடிந்தது. காதுகள் அந்தக் கூடத்திலிருந்து நேராக வேறொரு ஊர்க் கூடத்துக்குப் போகின்றன. நாற்பத்தொரு குறிகளின் வரைபடமும் கூடவே.

காலையில் காப்பியோடு வெறும் முன்னறையைக் குனிந்தபடி கடந்தேன். அவள் ஸ்டூல் மேல் நின்று, கையில் நூற்கண்டோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்ததுக்கு ஆரம்பிக்கிறேன். இங்க வந்து நேரா நில்லுங்க."

நின்றேன். என் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்தாள். அங்கிருந்து நாலு விரல் கீழே அளந்து நூலில் முடிச்சுப் போட்டாள்.

"இடிக்குமா?"

"நல்லா இடிக்கும்."

"சரி" என்று அடுத்த நூலை எடுத்தாள். நான் நகரவில்லை. காப்பி ஆறிவிட்டது.