அரை வாளித் தண்ணி

அக்காவுக்கு,

இல்லக்கா, என் செடிங்க தண்ணி இல்லாம சாகல. தண்ணி ஊத்தித்தான் செத்துச்சு. அம்மா போன்ல உனக்குத் தப்பா சொல்லியிருக்கு. "எல்லாம் வெயில்ல காஞ்சு போச்சாம்"னு அது சொன்னப்ப நானும் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன், வாயத் திறக்கல. அம்மா எப்பவும் ஸ்பீக்கர் போட்டுத்தான் பேசும், அப்பாவும் அங்கதான் இருந்தாரு. அதான் லெட்டர். பரீட்சையில கூட நான் இவ்வளவு எழுதினதில்ல. சிரிக்காத.

எல்லாரும் நல்லாயிருக்கோம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான். அப்பா சாப்பிடுறாரு, பேப்பர் படிக்கிறாரு, என்கிட்ட பேச மாட்டேங்குறாரு. நான் காலேஜ விட்டு பதினாலு மாசம், அவரு பேச்ச விட்டும் பதினாலு மாசம். ஏதாவது சொல்லணும்னா அம்மாகிட்ட சொல்லுவாரு. "அவன சாப்பிடச் சொல்லு." நான் ரெண்டடி தள்ளித்தான் நிப்பேன். அம்மா திரும்பி "சாப்பிடுடா"ன்னு சொல்லும். முனிசிபாலிட்டி வேலையில முப்பது வருஷம் தெருத்தெருவா தண்ணி திறந்துவிட்ட மனுஷன், பேச்சுக்கும் நடுவுல ஒரு வால்வு வச்சுட்டாரு.

என் வேலை எப்படின்னு கேட்டிருந்த. விடிஞ்சா பூசணித் தோட்டம். தோட்டக்காரம்மா நெலத்துக்கு தேனீயே வர்றதில்ல. சுத்தி எல்லாம் காஞ்சு கெடக்கு. ஒவ்வொரு போகத்துக்கும் ஒரு மாசம்தான் பூசணி பூக்கும், நடுவுல அதுங்க எதத் தின்னும்? அதனால தேனீ வேலைய நான் பாக்குறேன். ஆண் பூவப் பறிச்சு, இதழ உரிச்சுட்டு, பெண் பூவுக்குள்ள தடவணும். வெயில் ஏறினா பூ சுருங்கிடும், அதுக்குள்ள முடிக்கணும். குனிஞ்சா நிமிர முடியல, நிமிந்தா குனிய முடியல. அங்க என் பேரே 'வண்டு'தான்.

முதுகு வலியில வந்த யோசனைதான் அது. வரப்பு ஓரமா வருஷம் பூரா பூக்குற செடியா வைப்போம்னு தோட்டக்காரம்மாகிட்ட சொன்னேன். ஒரு தடவ வச்சா வருஷக்கணக்கா நிக்கும், வேர் பிடிச்சிட்டா தண்ணி கேக்காது, தேனீ இங்கயே தங்கிடும்னு. அந்தம்மா என்னை ஏற எறங்கப் பாத்துச்சு. "தேனீ வந்துட்டா உன் பொழப்பு போயிடுமேடா வண்டு?" போகட்டும்னேன். சரி, இருநூறு செடி கொண்டா, ஒரு வரப்புல வச்சுப் பாக்கலாம், நல்லா வந்தா எல்லா வரப்பும் உன்னுது, பக்கத்துத் தோட்டத்துக்கும் நானே சொல்றேன்னுச்சு. அது நடக்கலன்னா மாசக் கடைசியில உங்க ஊருக்கு வந்து, மாமா பாத்து வச்சிருக்குற பார்சல் குடோன்ல சேந்துக்குறேன்னு உன்கிட்ட சொன்னது நான்தான். மறக்கல.

மொட்டமாடியில இருநூறு பை. ஆவாரை, நித்தியகல்யாணி, காட்டுத்துளசி. மொத மூணு மாசம் வேளை தவறாம தண்ணி ஊத்தினேன். குட்டிச் செடிக்கு வேணும். அப்புறம் வேணும்னேதான் கொறச்சேன், அஞ்சு நாளைக்கு ஒரு தடவ. கொஞ்சம் வாட விட்டாத்தான் வேர் கீழ எறங்கித் தேடும். மத்தியானத்துல பாத்தா பாவமா இருக்கும், மார்க் ஷீட் வாங்கினப்ப நான் நின்னேனே, அந்த மாதிரி தலைய தொங்கப் போட்டுட்டு நிக்கும். சாயங்காலம் தானா நிமிந்துக்கும். இத நான் வீட்ல யாருக்கும் சொல்லல. யாரும் கேக்கவும் இல்ல. என் தப்பு இதுதான்.

பத்து நாள்ல எல மஞ்சளாச்சு. மண்ணத் தொட்டா ஈரம். மாடித் தொட்டி நிரம்பி வழியுதுன்னு நெனச்சு, தண்ணிய நிறுத்துற மிதவையக் கழட்டிப் புதுசு மாட்டினேன். அப்பவும் ஈரம். துணி காயப்போடுறேன்னு நீதான் சொட்ட விடுறன்னு அம்மாகிட்ட கத்தினேன். அம்மா பதிலுக்கு, தொவைக்கவே தண்ணி இல்லாத ஊர்ல சொட்ட வேற விடுவேனான்னு கேட்டுச்சு. நியாயம்தான். ஒரு செடியப் பிடுங்கிப் பாத்தேன். வேர் கறுத்து, கொழகொழன்னு, ஒரு மாதிரி சாக்கடை நாத்தம்.

அப்புறம் ஒரு நாள் தோட்டத்துல பூ கம்மி. ஏழு மணிக்கெல்லாம் வந்துட்டேன். மாடியில சத்தம் கேட்டுது. பாதிப் படியிலேர்ந்து எட்டிப் பாத்தேன்.

அப்பா. தலை ஈரம், துண்டு கட்டியிருக்காரு, பக்கத்துல வாளி. ஆளுக்கு ஒரு வாளிதான இப்ப குளிக்க? அப்பா அரை வாளியிலயே குளிச்சுட்டு வர்றாரு, வயசானதால குளிர் தாங்கல போலன்னு அம்மா சொல்லிட்டே இருந்துச்சு. அந்த மீதி அரை வாளி இங்க நிக்குது. ஒவ்வொரு பைக்கா குனிஞ்சு மக்கால ஊத்துறாரு, ஒண்ணுக்கும் கூடக் கொறைய இல்லாம. நேத்து பாதி வரிசைக்குன்னா இன்னிக்கு மீதிக்குப் போல. வாடிப்போனதுக்கு மட்டும் இன்னொரு தடவ. ஊத்திக்கிட்டே அதுங்ககிட்ட பேசுறாரு. "குடிங்க, குடிங்க. அவன் நல்லவன்தான். மறந்துடுவான்."

நான் அப்படியே எறங்கி வந்துட்டேன்க்கா. தெருமுனை வரைக்கும் போயி, சும்மா நின்னுட்டுத் திரும்பினேன். அம்மாகிட்ட கத்தின வாய்தான் இது. அவருகிட்ட போயி நீங்கதான் கொன்னீங்கன்னு சொல்ல அதுக்கு வரல.

தேறினது அறுபத்தொண்ணு.

(நாலு நாள் கழிச்சு எழுதுறேன். பேனா தீந்து போச்சுன்னு வச்சுக்க.)

மறுநாளே அந்த அறுபத்தொண்ணையும் வரப்புல கொண்டுபோயி நட்டேன். இங்க விட்டா அதையும் அப்பா குடிக்க வச்சே அனுப்பிடுவாரு. வேர் அழுகிடுச்சுன்னு தோட்டக்காரம்மாகிட்ட சொன்னேன், யாருன்னு சொல்லல. "தண்ணியே வேணாம்னியேடா, தண்ணியிலயா போச்சு?"ன்னு வரப்புல உக்காந்து சிரிச்சுச்சு. சிரிச்சு முடிச்சிட்டு, இதுல நாப்பது அடுத்த கோடைய தாண்டினா பேச்சு பேச்சுதான்னுச்சு. அது வரைக்கும் கையால தடவ ஆள் வேணுமாம்.

மாடி காலியாயிடுச்சு. காலைல அவரு வாளியோட ஏறி வந்து நிப்பாரேன்னு மனசு கேக்கல. தேனீக்கும் குடிக்கத் தண்ணி வேணும்ல. அகலமா ஒரு மண் தட்டுல, உக்காந்து குடிக்கட்டும்னு கூழாங்கல்லு பரப்பி, தண்ணி ஊத்தாம படி பக்கத்துல வச்சுட்டு வேலைக்குப் போயிட்டேன். வந்து பாத்தா தட்டு ரொம்பியிருக்கு. மறுநாள் அம்மா வந்து, "கல்லு ரொம்பச் சின்னதாம், தேனீ முழுகிடுமாம், அப்பா சொல்றாரு"ன்னுச்சு. ரெண்டடி தள்ளித்தான் நின்னாரு. சாயங்காலம் பாத்தா கல்லெல்லாம் பெருசா மாறியிருக்கு.

இன்னிக்கு இத முடிச்சு போற வழியில போஸ்ட் பண்ணிடலாம்னு விடியறப்பவே மாடிக்கு வந்து எழுதிட்டிருந்தேன். வாளியோட வந்துட்டாரு. நான் வேலைக்குப் போயிட்டேன்னு நெனச்சிருப்பாரு போல. செடி இருந்த எடத்தப் பாத்தாரு, பையோட ஈரக் கறை இன்னும் வட்டம் வட்டமா தரையில இருக்கு. அப்புறம் அம்மா இல்லாமயே கேட்டாரு.

"அந்தச் செடிக்கெல்லாம் எத்தன நாளைக்கு ஒரு தடவடா ஊத்தணும்?"

தெரிஞ்சுதான் கேட்டாரா, தெரியல. அவரு மூஞ்சியப் பாக்கல நான். தட்டக் காட்டி, "இதுக்கு தினம் ஊத்தணும்ப்பா"ன்னேன். தலைய ஆட்டினாரு. ஊத்தினாரு. இப்பவும் இங்கதான் நிக்கிறாரு, கல்ல நகத்தி நகத்தி வச்சுட்டு.

மாமாகிட்ட நான் இப்ப வரலன்னு சொல்லிடு. திட்டினா வாங்கிக்க, உன்கிட்ட ரொம்ப திட்ட மாட்டாரு. அப்பா எப்பவாவது போன்ல உன்கிட்ட கேட்டா வெயில்னு சொல்லு. இந்த வருஷம் கொடுமையான வெயில், எல்லார் வீட்லயும் காஞ்சு போச்சு, அவன் வேளைக்கு ஊத்தியும் நிக்கலன்னு சொல்லு. உன் கால்ல வேணா விழுறேன், அந்த ஒண்ண மட்டும் மாத்திச் சொல்லிடாத. நீ நல்லா இரு, ஒடம்பப் பாத்துக்க.

பூ விரிஞ்சிருக்கும். போகணும்.

உன் தம்பி
வண்டு