பதினெட்டு என்று எழுதிய போத்தல்

காலையில் பிரிட்ஜ் நின்றுபோனது. புதியதை இன்றைக்கே கொண்டுவந்து தருகிறோம் என்று கடையில் சொன்னதால், பழையதைக் காலியாக்கத் தொடங்கினேன். கதவுத் தட்டில், ஊறுகாய்க்கும் சோஸ் போத்தலுக்கும் பின்னால், உங்களுடைய சின்னப் பழுப்புப் போத்தல் நின்றது. வெள்ளை டேப்பின் மேல் "18" என்று எழுதியிருக்கிறீர்கள். பஸ் டிப்போவில் உதிரிப்பாகப் பெட்டிகளுக்கு எழுதுவீர்களே, அதே தடித்த நீல எழுத்து. மூடியைத் திறந்தேன். வனிலா மணம் குசினி முழுக்கப் பரவியது. குந்துவதற்குக் கதிரை பக்கத்தில் இருந்தும், நிலத்திலேயே இருந்துவிட்டேன்.

உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும். உயிரோடு இருக்கும்போது சொல்லியிருக்கவேண்டியது. அந்தப் போத்தலில் இருப்பது பதினெட்டு இல்லை.

உங்கள் கால்நோவு தொடங்கிய நாட்களை நினைத்துப் பார்க்கிறேன். குவேக்கர்ஸ் ஹில் ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும்போது மூன்று இடத்தில் நிற்பீர்கள். யாராவது கண்டால் போனில் ஏதோ வாசிக்கிற மாதிரி நடிப்பீர்கள். அந்தப் போனில் நீங்கள் வாசிக்க ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். கடைசியில் சத்திரசிகிச்சை நிபுணர் காலின் இரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்றார். மாற்றுவழி போட்டுத் தரலாம், ஆனால் சிகரெட் பிடிக்கிறவரில் நான் கத்தி வைக்கமாட்டேன், இப்படியே விட்டால் காலை எடுக்கவேண்டி வரும் என்றும் சொன்னார். காரில் ஏறியதும், "ஒரு கால் போனால் சப்பாத்துத் துடைக்கிற வேலை பாதியாக் குறையும்" என்றீர்கள். நான் சிரிக்கவில்லை.

முப்பது வருடமாகப் பிடித்த சிகரெட். ஒட்டுகிற நிக்கொட்டின் பிளாஸ்டரும் சூயிங்கமும் தோற்றுப்போன பிறகுதான் அந்த இ-சிகரெட்டை வாங்கினீர்கள். முதல் வாங்கியது சிகரெட் மாதிரியே வெள்ளையாக, நுனியில் சிவப்பு லைட்டோடு இருந்தது. உள்ளே பஞ்சு. அதை நனைக்கும் திரவம் வாய்க்குள் ஒழுகும், ஆவி பேருக்குத்தான் வரும். வெறும் ஸ்ட்ரோவை உறிஞ்சின மாதிரிக் கிடக்கு என்பீர்கள். பகலில் அதை உறிஞ்சிவிட்டுப் பின்னேரம் கராஜுக்குப் பின்னால் போய் உண்மையான சிகரெட்டைப் பற்றவைப்பீர்கள். மணம் எனக்கு வராது என்ற நினைப்பு.

பிறகு டிப்போவில் உங்களோடு வேலை செய்தவர் காட்டித்தந்த அந்தக் கண்ணாடி டாங்க் வந்தது. திரவத்தை நேரே ஊற்றி நிரப்பலாம். அடியில் கொயில் என்கிற சின்னக் கம்பிச்சுருள் இருந்து அதைச் சூடாக்கும். முதல் இழுவையிலேயே இருமி, தலைசுற்றி, மேசையைப் பிடித்துக்கொண்டீர்கள். நான் அம்புலன்சுக்குப் போன் அடிக்கப் போனேன். நீங்கள் கண்ணில் தண்ணீரோடு சிரித்தீர்கள். இது நல்ல எஞ்சின், எண்ணெயைத்தான் குறைக்கவேணும் என்றீர்கள். முதல் வாங்கியதற்கு இருபத்துநாலு மில்லிகிராம் நிக்கொட்டின் திரவமும் காணாமல் இருந்தது, இதற்கு அது கூடிப்போனது. நிக்கொட்டின் கலந்த திரவத்தை இந்த நாட்டில் விற்கக்கூடாது என்பதால் வெளிநாட்டிலிருந்து தபாலில் எடுப்பித்தோம். அதில் மூன்று பங்குக்கு ஒரு பங்கு நிக்கொட்டின் இல்லாத வெறுந்திரவம் சேர்த்தால் பதினெட்டு வரும் என்று இருவருமாகக் கணக்குப் பார்த்தோம். கலக்கும் வேலையை என்னிடம் தந்தீர்கள்.

"நீர்தானே மருந்து அளக்கிற ஆள். நீரே போட்டுத் தாரும்."

அந்த ஐந்து கிழமையும் எங்கள் வீட்டில் திருநாள்தான். ஒரு சிகரெட்கூட இல்லை. ஒருநாள் கத்தரிக்காய்க் குழம்பை வாயில் வைத்துவிட்டு, முப்பது வருடமாக இந்த உப்பையா சாப்பிட்டேன் என்று கேட்டீர்கள். நாக்கு திரும்பி வந்துவிட்டது என்று எனக்குச் சந்தோசம். இரண்டு நாளைக்கு உப்பே போடாமல் சமைத்துப் பழியும் வாங்கினேன்.

சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். குடும்ப வைத்தியர், நிக்கொட்டினும் இரத்தக்குழாய்க்கு நல்லதில்லை, இரண்டு பேரும் கதைத்து ஆறுதலாகக் குறையுங்கள் என்றார். நான் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பயம். படுத்தால் உங்கள் கால், எழும்பினால் உங்கள் கால்.

நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். மறதி நோயாளர் பகுதியில், குளிசை விழுங்க மறுக்கிறவர்களுக்கு அதைத் தூளாக்கிக் கஸ்டர்ட்டுக்குள் கலந்து ஊட்டுவோம். வைத்தியரும் குடும்பமும் கையெழுத்து வைத்த பிறகுதான் அது நடக்கும். ஆனாலும் சாப்பிடுகிறவருக்குத் தெரியாது. பதினொரு வருடமாக அதைச் செய்து செய்து என் கை பழகிவிட்டது. நன்மைக்குத்தானே என்று மனமும் பழகிவிட்டது. நீங்கள் அந்தப் பகுதியில் இருக்கிற ஆள் இல்லை என்பதை மறந்துபோனேன்.

முதலில் சரிபாதி கலந்தேன். அது பன்னிரண்டு. ஒரு கிழமை கழித்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு வெறுந்திரவம். அது ஆறு. டேப்பில் உங்கள் பதினெட்டு அப்படியே இருந்தது. கேட்டால் மறுப்பீர்கள், பிடிவாதம் பிடிப்பீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழு உண்மையையும் சொல்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று காரில் வைத்து, "இவ்வளவு நாளும் நீங்கள் இழுத்தது ஆறுதான்" என்று சொல்லி, உங்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க ஆசைப்பட்டேன். கெட்டித்தனம் காட்ட ஆசைப்பட்டேன்.

ஒருநாள் முழுக்கக் காணும் டாங்க்கை நீங்கள் மூன்று தரம் நிரப்பத் தொடங்கினீர்கள். சின்ன விசயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தீர்கள். கொயில் கருகிவிட்டது என்று மாற்றினீர்கள். மாற்றியதையும் கழற்றிச் சுடுதண்ணீரில் கழுவிக் காயவைத்தீர்கள். அந்தச் சனிக்கிழமைப் பின்னேரம் சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்து, டாங்க்கை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, டோர்ச்சும் பூதக்கண்ணாடியுமாகக் குந்தியிருந்தீர்கள். எந்த பஸ் பழுதாகி வந்தாலும் நீங்கள் சொல்கிற ஒரு வசனம் உண்டு: "பிழை எண்டால் எங்கையோ இருக்கும். தேடினால் அம்பிடும்." அன்றைக்கும் அதையே முணுமுணுத்தபடி தேடினீர்கள். நான் உங்களுக்கு எதிரே இருந்து கத்தரிக்காய் வெட்டினேன். புது டாங்க் ஒன்று எடுப்பியுங்கோ என்று புத்தியும் சொன்னேன்.

ஒரு மணித்தியாலம் இருக்கும். எல்லாவற்றையும் திரும்பப் பூட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தீர்கள்.

"டாங்க்கில ஒரு பிழையும் இல்லையப்பா. கொயிலும் புதுசு, பற்றரியும் நல்லது. பிழை என்னிலதான். எனக்குத்தான் மனசில உறுதி காணாது."

அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. சொன்னால் கோபித்திருப்பீர்கள், இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்திருப்பீர்கள், பிறகு பதினெட்டைக் கலந்து தந்திருப்பேன். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

"தேத்தண்ணி போடட்டோ?" என்று கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை டிப்போ முற்றத்தில் விழுந்தீர்கள். நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரமுதல் எல்லாம் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்றார்கள். உங்கள் உடுப்பைப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தந்தார்கள். ஜக்கெட்டின் ஒரு பொக்கெற்றில் டாங்க், நிரம்பியபடி. மற்றதில் சிகரெட் பெட்டி, நாலு குறைந்தபடி. அந்த நாலையும் எங்கே நின்று, யாருக்கு ஒளித்து, எவ்வளவு வெட்கப்பட்டுப் பிடித்திருப்பீர்கள் என்று யோசிக்காத நாள் இல்லை.

நாலு சிகரெட்டால் இது வரவில்லை, இது முப்பது வருடத்து அடைப்பு என்று வைத்தியர் எனக்குப் பொறுமையாக விளங்கப்படுத்தினார். அவரை நம்புகிறேன். ஆனால் நீங்கள் உங்களையே பழுதென்று நினைத்துக்கொண்டு போனீர்களே, அதற்கு எந்த வைத்தியரிடம் போவது? மகளுக்கும் இதைச் சொல்லவில்லை. அப்பா கடைசியில் தோற்றுப்போனார் என்று அவள் நினைக்கிறாள். நான் திருத்தவில்லை. இன்றைக்கு அவள் வேலையால் வந்ததும் போன் எடுத்துச் சொல்லப்போகிறேன்.

இல்லத்தில் இப்போதும் கஸ்டர்ட் ஊட்டுகிறேன். ஒரு மாற்றம் மட்டும் உண்டு. ஒவ்வொருவருக்கும் கரண்டியை நீட்டமுதல், இதற்குள் உங்கள் குளிசை இருக்கிறது என்று சொல்கிறேன். பலருக்கு விளங்காது, வாயைத் திறப்பார்கள். ஒருவர் மட்டும் என்னை நன்றாகப் பார்த்து, வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் கரண்டியை வைத்துவிட்டுக் காத்திருப்பேன். பொறுப்பான நேர்ஸ் என்னை இரண்டு தரம் ஏசிவிட்டா. ஏசட்டும்.

புது பிரிட்ஜ் வந்து பூட்டியாயிற்று. போத்தலை எறிய மனம் வரவில்லை. உங்கள் பதினெட்டை அழிக்கவும் கை வரவில்லை. அதற்குக் கீழே, இருந்த இடத்துக்குள் சின்னதாக, ஆறு என்று எழுதினேன்.

டாங்க்கில் பிழை இல்லை. உங்களிலும் பிழை இல்லை. நீங்கள் டோர்ச் அடித்துத் தேடிய பிழை, உங்களுக்கு எதிர்க் கதிரையில் இருந்து கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தது.