பெஞ்சுத் தோலும் என் கடைசி வரியும்

நேற்றுக் காலை தக்கலையிலிருந்து குலசேகரம் போகும் பேருந்தில், என் இருக்கைக்கு அடியில் ஒருவர் ரப்பர் ஷீட்டுக் கட்டு ஒன்றைத் தள்ளிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். நடத்துனர் மூக்கைச் சுளித்தார்.

“ஓய், இந்தச் சவத்த ஆட்டோவுல கொண்டு போகப்பிடாதா? பஸ்ஸு முழுக்க நாறுகு.”

“ஷீட்டு நாறாம பின்ன பிச்சிப்பூவா மணக்கும்? டிக்கட்டத் தாரும்.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புகையும் புளிப்பும் கலந்த அந்த வாடை உன் வேலை அறையின் வாடை. நீ இறந்து ஐந்து மாதம் ஆகிறது. நான் உன் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

உன் தம்பி கூப்பிட்டிருந்தான். அடுத்த மாதம் உன் படைப்புகளை நாகர்கோவிலில் காட்சிக்கு வைக்கிறார்கள். அதற்கென்று தயாராகும் சிறு புத்தகத்தின் அச்சுப்படியை என்னிடம் நீட்டி, பென்சிலால் கோடிட்டிருந்த ஒரு வரியைக் காட்டினான். ‘தொடக்கக் காலத்தில் தன் பொருளின் இயல்பை அறியாத அவர், இப்படைப்புகள் தலைமுறைகள் தாண்டி நிற்கும் என்று உறுதியளித்தார்.’

“அண்ணே, அக்கா அப்பிடியா பறஞ்சா? ரப்பர் காட்டுல பொறந்தவளுக்கு ரப்பர் தெரியாதா? நாளைக்கு இது அச்சுக்குப் போகு.”

அந்த வரி எங்கிருந்து வந்தது என்பது உனக்கும் எனக்கும் நன்றாகத் தெரியும்.

உங்கள் ஊர் கிறிஸ்தவக் கோயிலில் பெண்கள் பக்கத்துப் பழைய பெஞ்சுகளை மாற்றிய வாரம் அது. தச்சர் கழற்ற வருவதற்கு ஆறு நாள் இருந்தது. கல்லூரி நாளிலிருந்தே பழகியவன் என்பதால், வந்து பார் என்று நீ கூப்பிட்டாய். நான் வந்தபோது நீ தரையில் சம்மணமிட்டு, ஒரு பெஞ்சின் முதுகில் ரப்பர் பாலைப் பிரஷால் பூசிக்கொண்டிருந்தாய். மெல்லிய ஒரு பூச்சு, காயும்வரை காத்திருப்பு, மீண்டும் ஒரு பூச்சு. நடுவில் ஆஸ்பத்திரியில் காயம் கட்டும் மெல்லிய துணி. கோயிலைத் திறந்து பெருக்கும் பெரியவர் துடைப்பத்தோடு வந்து நின்றார்.

“ஏட்டி, பெஞ்சுக்கு எண்ண தேச்சுக் குளிப்பாட்டுதியா?”

“ஆமா பாட்டா. ஞாயித்துக்கெழம அதுவும் ஆராதனைக்குப் போகணும்லா?”

மறுநாள் பௌடரைத் தூவித் தூவி அதை உரித்தாய். மரத்தில் இருந்ததெல்லாம் அந்தத் தோலில் வந்திருந்தது. கொண்டை ஊசியால் கீறிய பெயர்கள், பிள்ளைகள் கடித்த விளிம்பு, பல வருடங்களாக முதுகு சாய்ந்து வழவழப்பான இடம். பிறகு பெஞ்சின் அடியில் சிறிய மைக் ஒன்றை ஒட்டி, எதிரே கேமராவையும் வைத்து, வழக்கமாக அங்கே உட்காரும் பெண்களை அழைத்து உட்கார்ந்து எழும்பச் சொன்னாய். ஒவ்வொருத்தி உட்காரும்போதும் மரம் ஒவ்வொரு விதமாக முனகியது. சுருட்டு முடிக்காரி ஒருத்தி, “எனக்க சத்தம்தான் பெருசு, அத மட்டும் வெட்டிப் போடு மக்களே” என்று கெஞ்சினாள். நீ வெட்டவில்லை.

மார்த்தாண்டம் ஸ்டூடியோவில் பகலெல்லாம் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டியவள் நீ. மணமக்கள் முகத்தின் மேல் பூவையும் பூவின் மேல் நிலவையும் அடுக்கிய கை. அதே கைதான் இந்தத் தோல்களைத் தொங்கவிட்டு, பின்னாலிருந்து விளக்கைக் காட்டி, அவற்றின் மேல் உட்காரும் பெண்களின் உருவங்களை ஓடவிட்டது. ‘பெண்கள் பக்கம்’ என்று பெயர் வைத்தாய். சென்னையில் அதைக் காட்சிக்கு வைத்த கூடத்தில் அந்த முனகல்களுக்கு நடுவே நின்றபோது, அறையில் ஆளிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

அதைப் பற்றி நான் வேலை பார்த்த பத்திரிகையில் அரைப்பக்கம் எழுதினேன். கடைசி வரி இது: ‘இந்த ரப்பர் தோல்கள் தலைமுறைகள் தாண்டி நிற்கும்.’

நீ அப்படிச் சொல்லவில்லை. நீ சொன்னது என் குறிப்பேட்டில் இருந்தது. “அஞ்சு வருஷம் தாங்கினா பாக்கியம். வெளிச்சம் பட்டா ஒட்டும், கறுக்கும். அதுக்கும் வயசாகும்லா?” கட்டுரையை அப்படி முடித்தால் சோகமாகிவிடும் என்று நினைத்தேன். உன் வாயிலிருந்து வந்ததை விட்டுவிட்டு, என் கையிலிருந்து ஒன்றைப் போட்டேன்.

வடக்கே ஒரு நகரத்துக் காட்சிக்கூடம் அந்தக் கட்டுரையைப் பார்த்துப் படைப்பை நிரந்தரமாக வாங்கி வைத்தது. கடும் விளக்குகளுக்குக் கீழே மூன்றே வருடத்தில் தோல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுத்துப்போயின. நீ அவர்களை ஏமாற்றிவிட்டதாகக் கடிதம் வந்தது. என் கட்டுரையின் நகலை இணைத்து, கடைசி வரியின் கீழ் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார்கள். உன்னை அழைப்பதாகச் சொல்லியிருந்த வேறு இரண்டு கூடங்களும் பேச்சை நிறுத்திக்கொண்டன.

உன் வீட்டு முற்றத்தில் வைத்து அந்தக் கடிதத்தை எனக்குக் காட்டினாய்.

“இத ஆரு பறஞ்சது மக்கா?”

“யாரும் சொல்லல. நானா எழுதினது.”

“எனக்கு மனசிலாச்சு. இவ்வளவு நல்ல தமிழ் எனக்கு எங்க வரும்?”

“நாளைக்கே திருத்தம் போடச் சொல்லுதேன்.”

“போடு” என்றாய். பெருந்தன்மையாக வேண்டாம் என்று சொல்வாய் என எதிர்பார்த்தேனோ என்னவோ, அந்த ஒரு சொல் எனக்கு உறைத்தது.

ஆசிரியர் கேட்டுச் சிரித்தார். மூன்று வருடம் கழித்து யார் திருத்தம் போடுவார்கள் என்றார். நான் ஒரு முறை கேட்டேன். இரண்டாம் முறை கேட்கவில்லை. அடுத்துப் பார்த்தபோது நீ, “தெனமும் பேப்பர்ல தேடினேன், காணல” என்றாய். பிறகு சாகும்வரை அதைப் பற்றிப் பேசவேயில்லை.

அந்தத் தோல்கள் ஒரே கட்டியாகப் பெட்டியில் திரும்பி வந்தன. நீ அவற்றைப் பிரிக்கவில்லை. ஜன்னலோரம் வைத்து, எதிரே கேமராவை நிறுத்தி, ஒரு மழைக்காலம் முழுவதும் நாளுக்கொரு படம் எடுத்தாய். மாதக்கணக்கில் நடந்ததை நான்கு நிமிடத்தில் ஓடவிட்டாய். கட்டி மூச்சு விடுவதுபோல இருந்தது. கீழே அதே பெண்களின் முனகல். பின்னர் முட்டத்துப் பாறையில் உரித்த தோலைக் கடற்காற்றிலேயே கட்டிவிட்டு, அது கிழியும் சத்தத்தைப் பதிந்தாய். உன்னை வெளியூர்களுக்குக் கொண்டு போனவை இவைதான். தோல்வியிலிருந்து கற்றுக்கொண்டவர் என்று உன்னைப் பாராட்டி எழுதினார்கள். அதை வாசித்துவிட்டு நீ என்னைப் பார்த்துச் சிரித்தது நினைவிருக்கிறது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

நேற்று உன் தம்பியிடம் சொன்னேன்: “அக்கா சொல்லல. நான்தான் எழுதினேன்.”

அவன் அச்சுப்படியை மூடி வைத்தான். “அவ இருக்கும்போ இத எழுதியிருக்கலாம்லா அண்ணே?” என்றான். குரலில் கோபம் இல்லை. பிறகு ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

ஆயிரம் திருத்தங்கள் பார்த்தவன் நான். ‘தவறுதலாக வெளியாகிவிட்டது’ என்று கை தானாகவே எழுதியது. அந்த முதல் சொல்லை அடித்தேன். நீ சொன்னது என் குறிப்பேட்டில் இருக்க, அதை விட்டுவிட்டு அந்த வரியை நானாகச் சேர்த்தேன் என்று எழுதினேன். அதன் கீழே, ஐந்து வருடம் என்று நீ சொன்னதை உன் பேச்சிலேயே போட்டேன். தம்பி எழுத்துக்கூட்டுவதுபோல மெதுவாக வாசித்தான்.

“இது அவ பேச்சுதான்” என்றான்.

வேலையிலிருந்து விலகிய பிறகும் அவ்வப்போது எழுதுகிறேன். எழுதி முடித்ததும் யாரைப் பற்றி எழுதினேனோ அவரைக் கூப்பிட்டுக் கடைசி வரியை வாசித்துக் காட்டுகிறேன். சிலருக்கு எரிச்சல் வருகிறது, இதற்கெல்லாமா போன் என்கிறார்கள். அவர்கள் சரி என்று சொல்லும்வரை நான் போனை வைப்பதில்லை. உன்னைப் பற்றிய இந்த மடலுக்கு அப்படிக் கேட்க ஆளில்லை. அதனால் இதில் நீ சொன்னதையும் நான் செய்ததையும் தவிர வேறெதையும் சேர்க்கவில்லை.