முதல் பாதி கேட்காத காலைகள்

என் அன்பான இஞ்சேருங்கோ,

உங்களை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடிதத்திலும் ஏலாது.

விடியப்புறம் வேலைக்கு இறங்கும்போது படிக்கட்டில் நின்று ஓர் ஆங்கிலப் பழமொழியின் முதல் பாதியைச் சொல்வீர்கள். குசினியிலிருந்து மறுபாதியை நான் சொன்னால்தான் உங்கள் கால் நகரும். "சொல்லுமப்பா, பஸ் போகப்போகுது!" என்று அவசரப்படுத்துவதும் நீங்கள்தான். யூரோ வந்த வருடம் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து இதே கூத்து. கீழ்வீட்டு ஜெர்மன் மனுசி சத்தம் என்று முறையிட்ட பிறகும் நீங்கள் விட்டால்தானே!

உருளும் கல்லில் பாசி பிடிக்காது என்பது வந்தால் மட்டும் நான் வாய் திறக்கமாட்டேன். அகதியாக முகாம் முகாமாக உருண்டவர்களுக்கு அது தேவையா? உங்களுக்குப் பிடித்தது தையல் பழமொழி: நேரத்துக்குப் போட்ட ஒரு தையல் ஒன்பது தையலை மிச்சம் பிடிக்கும். என் சட்டைப் பொத்தான் ஆடினாலும் அதையே எடுத்துவிடுவீர்கள். எதையும் ஒத்திப்போடாதே என்று எனக்குப் புத்தி சொன்ன மனுசன், நெஞ்சு நோவுக்கு டாக்டரைப் பார்க்க நேரம் கேட்டு ஒரு டெர்மீன் எடுத்திருக்கக் கூடாதா? "பிறகு பாப்பமப்பா" என்றீர்களே. அந்தப் 'பிறகு' வருமுன்னமே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

இப்போது எனக்கும் இடைக்கிடை நெஞ்சு படபடக்கிறது. கொலோனிலிருந்து மகள் போனில் கேட்கிறாள்: "அம்மா, டெர்மீன் எடுத்தனீங்களோ?"

"பிறகு பாப்பம் பிள்ளை."

யாருக்காக எடுப்பது? தேத்தண்ணி ஊற்றும்போது வாய் தன்பாட்டில் ஒரு மறுபாதியை முணுமுணுக்கும். கேட்க ஆளில்லை. இந்த முறை ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்கும் போகவில்லை.

போன கிழமை படிக்கட்டுக் கழுவுவது என் முறை. வாளியோடு கீழே இறங்கியபோது அந்தக் கீழ்வீட்டு மனுசி கதவைத் திறந்தார்.

"உங்கட வீட்டுச் சத்தம் இல்லாமல் எனக்கு விடியிற மாதிரியே இல்லை" என்றார், ஜெர்மன் மொழியில்.

பிறகு, நீங்கள் இழுப்பதுபோலவே இழுத்து, தையல் பழமொழியின் முதல் பாதியை ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு அழுகைதான் வந்தது. ஈரப்படியிலேயே குந்திவிட்டேன். அவரும் வாளியைத் தள்ளி வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தார்.

அடுத்த நாளே டாக்டருக்கு போன் எடுத்தேன். வாற செவ்வாய் டெர்மீன். அன்று வெளிக்கிடும்போது, நீங்கள் நிற்கிற அதே படியில் நின்று, அந்த மறுபாதியை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் போவேன். எங்கே இருந்தாலும் கேட்டுக்கொண்டிருங்கோ.

இன்னும் உங்களுக்கு வாய் காட்டுகிற,
உங்கள் மனைவி
புவனா