பத்தி நிற்கும் இடம்

மார்ச் 5

இவ்வளவு நேரம் கழித்து உன்னைத் திறப்பதற்கு மன்னித்துக்கொள், நோட்டே. பாப்பா இப்போதுதான் கண்ணை மூடினாள்.

பேருந்துக் காத்திருப்பு பற்றிய என் கட்டுரை திரும்பி வந்துவிட்டது. தேர்ச்சி இல்லை. ஓரத்தில் சிவப்பு மையில், ‘பத்திகள் ஏன் பாதியில் நிற்கின்றன?’ பதினைந்தாம் தேதிக்குள் திருத்திக் கொடுக்காவிட்டால் இந்த வருடப் படிப்பு போச்சு.

மார்ச் 6

பேராசிரியையைப் பார்த்தேன். “ஒரு பத்திக்கு ஒரு கருத்தும்மா. முதல் வரியில அதைச் சொல்லுங்க. அப்புறம் ஆதாரம். அதுல இருந்து என்ன தெரியுதுன்னு விளக்கம். நீங்க ஆதாரத்தைக் கொட்டிட்டு ஓடிடறீங்க.”

ஓடத்தான் செய்கிறேன். இரண்டாம் பத்தி நிற்கும் இடத்தில் பாப்பா எழுந்தாள். நான்காவதில் அவளுக்குக் காய்ச்சல். ஐந்தாவதில் அத்தை கதவைத் தட்டினார். இதையெல்லாம் சொல்லவில்லை. பரிதாபத்துக்கு மார்க் உண்டா என்ன?

மார்ச் 7

மூன்று வரி.

மார்ச் 8

சாயங்காலம் இரண்டு மணி நேரம் பாப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இவரிடம் கேட்டேன்.

“ஒரு பாராவுக்கு ரெண்டு மணி நேரமா? நான் ஆபீஸ்ல அஞ்சு நிமிஷத்துல ரிப்போர்ட்டே தட்டிடுவேன்.”

அத்தைக்குச் சிரிப்பு. “அம்மணி புத்தகம் போடப் போறாங்கடா, தொந்தரவு பண்ணாதே!”

கடைசியில் இவர், “முன்ன மாதிரி நீ வீட்டைக் கவனிக்கறதே இல்ல.”

கருத்து வந்தாச்சு. ஆதாரம் எங்கே? விளக்கம் எங்கே? இவருக்கு மட்டும் யாரும் சிவப்பு மை போடறதில்லையே!

மார்ச் 11

ஆறு பத்தியில் இரண்டுதான் தேறியிருக்கிறது. பாப்பாவிடம் கத்திவிட்டேன். ஒன்றரை வயசு — அது என்ன பண்ணும்? அழக்கூட இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

மார்ச் 12

இன்று ஒரே ஒரு பத்தி. கட்டுரைக்கு இல்லை. நடுவில் பாப்பா அழுதாள். நான் பேனாவைக் கீழே வைக்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, முனகிக்கொண்டே இவர் எழுந்து போனார். இந்தப் பக்கத்தைத் திறந்தபடி இவருடைய ஆபீஸ் பைமேல் வைக்கப்போகிறேன்.

நாளையும் மறுநாளும் மாலை ஆறு முதல் எட்டு வரை பாப்பாவை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த மாதம் இரவில் அவள் முப்பத்தொரு முறை எழுந்தாள்; நீங்கள் எழுந்தது இன்று ஒருமுறை. அந்த ஒருமுறையும் உங்கள் தோளில் இரண்டே நிமிடத்தில் தூங்கிப்போனாள். ஆகவே, உங்களுக்கு இது தெரியாத வேலை இல்லை. செய்யாத வேலை, அவ்வளவுதான். காலையில் செருப்பை மாட்டுவதற்குள் பதில் சொல்லிவிடுங்கள்.